கீரனூரில் குடி போகலாமா?

வீடு மாற்றுவது ஒரு விஷயம். ஊர் மாற்றுவது வேறு விஷயம். வீடு மாற்றுகிறவர்கள் பாத்திரம் பண்டங்களை வண்டியில் ஏற்றினால் போதும். ஊர் மாற்றுகிறவர்களோ பால்காரரையும், பள்ளிக்கூடத்தையும், வைத்தியரையும், அவசரத்துக்குக் குழந்தையை விட்டுவிட்டுப் போகக்கூடிய பக்கத்து வீட்டு அம்மாளையும் சேர்த்தல்லவா மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது! ஆகையால்தான் நம் பெரியோர்கள் பெண் பார்ப்பதற்குச் செலவழித்த யோசனையில் பாதியையாவது ஊர் பார்ப்பதற்கும் செலவழித்தார்கள்.

சில காலமாக இளந் தம்பதிகள் பலர் ஒரே கேள்வியைப் பல உருவங்களில் நம்மிடம் கேட்டு வருகிறார்கள். புருஷனுக்குத் திருச்சியில் வேலை. மனைவியும் வேலை பார்க்கிறாள். அல்லது குழந்தை சற்று வளர்ந்ததும் பார்க்க எண்ணியிருக்கிறாள். குழந்தைக்கு இரண்டு அல்லது மூன்று வயது. திருச்சியில் கொடுக்கிற வாடகை சம்பளத்தில் பெரும் பங்கை விழுங்கிவிடுகிறது. புதுக்கோட்டைச் சாலையில் ஜில்லா எல்லையைத் தாண்டிவிட்டால் அதே தொகைக்குத் திண்ணையும் கொல்லையும் உள்ள வீடு கிடைக்கும் என்கிறார்கள். "அங்கே பலதரப்பட்ட ஜனங்கள் இருக்கிறார்களாமே? குழந்தையை வளர்ப்பதற்கு ஏற்ற இடந்தானா?" என்பதே கேள்வி.

"போகலாம்" என்றோ, "வேண்டாம்" என்றோ ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டால் நமக்கு வேலை மிச்சம். ஆனால் நேயர்களுக்கு அதனால் லாபம் ஒன்றும் இராது. எனவே சற்று விரிவாகவே பார்ப்போம்.

எல்லைக்கு அப்பால்

திருச்சியிலிருந்து புறப்பட்டு ஆகாய விமான நிலையத்தைத் தாண்டிச் சிறிது தூரம் போனால் மாத்தூர் வருகிறது. திருச்சிக்குச் சுமார் 15 கிலோமீட்டர். ஆனாலும் இது புதுக்கோட்டை ஜில்லாவைச் சேர்ந்தது. இங்கே ஒரு தொழிற்பேட்டை இருக்கிறது. திருவெறும்பூரிலுள்ள பெரிய கொதிகலன் தொழிற்சாலைக்கு உறுப்புகள் செய்து கொடுக்கும் இரும்புப் பட்டறைகள் இங்கே நிறைய உண்டு. துவாக்குடியையும் பஞ்சப்பூரையும் இணைக்கும் அரைவட்டச் சாலையும் மாத்தூர் வழியாகவே செல்கிறது. அதே சாலையில் மேலும் தெற்கே போனால், திருச்சியிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் கீரனூர்; குளத்தூர் தாலுகாவுக்குத் தலைமை ஸ்தலம்; பழைய சிவாலயமும், ரயில் நிலையமும், கடைத்தெருவும் உள்ள பேரூர். சாலையின் முடிவில், 50 கிலோமீட்டருக்குச் சற்று அப்பால், புதுக்கோட்டைப் பட்டணம். மேற்கே, மதுரைச் சாலையில், மயில்களுக்கும் முருகன் கோயிலுக்கும் பெயர் பெற்ற விராலிமலை. இப்போது அங்கே தொழிற்சாலைகளும் பெருகியிருக்கின்றன.

ஒரு காலத்தில் இந்த எல்லையைத் தாண்டுவது வேறு ராஜ்யத்துக்குள் பிரவேசிப்பதாகும். தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானத்தில் அம்மன் காசு என்ற தனி நாணயங்கூட வழங்கியது. 1878-ல் திவானாக வந்த சேஷையா சாஸ்திரியார் பட்டணத்தின் வீதிகளை ஒழுங்கு செய்து, குளங்களைச் சீர்திருத்தினார். நேர் நேராக ஓடும் அந்த வீதிகளைப் பார்க்கிறவர்கள், ஊர் என்பது தானாக முளைப்பதல்ல, யாராவது யோசித்து அமைக்க வேண்டியது என்பதை உணர்வார்கள். 1948-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் சமஸ்தானம் இந்திய யூனியனில் சேர்ந்தது. திருச்சி ஜில்லாவின் பகுதியாயிற்று. 1974-ம் வருஷம் ஜனவரி 14-ந் தேதி தனி ஜில்லாவாகப் பிரிந்தது. ராஜா வாழ்ந்த அரண்மனையில் இன்று கலெக்டர் கச்சேரி நடக்கிறது.

இந்தச் சரித்திரம் எதற்கு என்று கேட்கலாம். காரியம் இருக்கிறது. வேலை திருச்சியில், வீடு மாத்தூரிலோ கீரனூரிலோ என்றால், சம்பளம் ஒரு ஜில்லாவில், ரேஷன் கார்டும் பட்டாவும் மற்றொரு ஜில்லாவில். ஒரு சான்றிதழுக்குக் கையெழுத்து வேண்டுமானால் வேலைக்குப் போகிற திசைக்கு நேர் எதிர்த்திசையில் பிரயாணம் செய்ய நேரும். வருஷத்தில் இரண்டு மூன்று நாள் இதற்கென்று ஒதுக்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

நாழிகைக் கணக்கு

வாடகையில் மிச்சமாகும் ரூபாயை எல்லாரும் எண்ணுகிறார்கள். செலவாகும் நாழிகையை எண்ணுகிறவர்கள் வெகு சிலரே. கீரனூரிலிருந்து திருச்சிக்குப் போக ஒரு மணி நேரம், திரும்பி வர ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 25 நாள் வேலை என்றால் 50 மணி நேரம். வருஷத்துக்கு 600 மணி. அதாவது இரவும் பகலுமாக முழுதாக 25 நாட்களை ஒருவர் சாலையிலேயே கழிக்கிறார். தம்பதிகள் இருவரும் வேலைக்குப் போனால் 50 நாள். அந்த ஐம்பது நாளும் குழந்தையின் கணக்கிலிருந்துதான் கழிகின்றன.

இது பஸ் வந்து நிற்கும் இடத்திலேயே வேலை இருந்தால் உள்ள கணக்கு. 2025-ம் வருஷம் மே மாதத்தில் பஞ்சப்பூரில் திருச்சியின் புதிய பெரிய பஸ் நிலையம் திறக்கப்பட்டது. ஆகவே, "திருச்சி ஒரு மணி நேரந்தான்" என்று யாராவது சொன்னால், "எந்தத் திருச்சி?" என்று கேளுங்கள். மத்திய பஸ் நிலையமா, பஞ்சப்பூரா, திருவெறும்பூரா, ஸ்ரீரங்கமா? திருவெறும்பூர்ப் பக்கம் வேலை பார்க்கிறவருக்கு மாத்தூர் உகந்த இடம்; அரைவட்டச் சாலையைப் பிடித்தால் நகர நெரிசலுக்குள் நுழைய வேண்டியதில்லை. ஸ்ரீரங்கத்தில் வேலை பார்க்கிறவரோ தினம் ஒரு முழு நகரத்தைக் குறுக்கே கடக்க வேண்டும்.

ரயில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, 1929-லேயே திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு ரயில் பாதை வந்துவிட்டது. ஆனால் அது ஒற்றைத் தண்டவாளம். பஸ்ஸைப் போல் நினைத்த நேரத்தில் வராது. உங்கள் வேலை நேரத்துக்கு ஒத்துவரும் ரயில் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் இருந்தால் அதிர்ஷ்டசாலிகள். இல்லையென்றால் ரயில் நிலையம் ஊருக்கு ஓர் அலங்காரம் என்று எண்ணிக்கொண்டு பஸ்ஸையே நம்புங்கள்.

இன்னொரு சிறு விஷயம். வீட்டு வரவு செலவைப் பார்க்கும் பெண்மணிகளுக்கு இது சிறு விஷயமல்ல. 2021-ம் வருஷம் மே மாதத்தில் தமிழ்நாட்டில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பிரயாணம் ஏற்படுத்தப்பட்டது சாதாரண டவுன் பஸ்களில்தான். வெளியூர்ப் பஸ்களில் அல்ல. வாடகைக்குப் பார்த்திருக்கும் வீட்டு வாசலில் நிற்பது எந்த ரகப் பஸ் என்பதை விசாரித்த பிறகே மாதக் கணக்கைப் போட வேண்டும்.

பலதரப்பட்ட ஜனங்கள்

இனி, முக்கியமான கேள்விக்கு வருவோம். "பலதரப்பட்ட ஜனங்கள்" என்ற வார்த்தையைச் சிலர் ஆசையுடன் சொல்கிறார்கள். சிலர் அச்சத்துடன் சொல்கிறார்கள். இரு சாராருக்கும் நாம் சொல்வது ஒன்றே: புதுக்கோட்டைச் சீமைக்கு இது புதிதல்ல. சித்தன்னவாசலில் சமண முனிவர்கள் தவம் செய்தார்கள். ஆவூரில் பழமையான மாதா கோயில் இருக்கிறது. திருமயத்துக்குத் தெற்கே மதுரைச் சாலையில் உள்ள காட்டுபாவா பள்ளிவாசலில் முஸ்லிம்களோடு ஹிந்துக்களும் வந்து வணங்குகிறார்கள். தோப்புக்கொல்லை, லேணா விலக்கு முதலிய இடங்களில் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த தமிழ்க் குடும்பங்கள் முகாம்களில் குடியமர்த்தப்பட்டன. இப்போது பட்டறைகளில் வேலை செய்வதற்கு வடக்கேயிருந்தும் தொழிலாளிகள் வருகிறார்கள். கடைத்தெருவில் ஹிந்தி காதில் விழுவது அதிசயமில்லை.

ஆனால் பல ஜாதியார் ஓர் ஊரில் இருப்பது வேறு; அவர்கள் கலந்து வாழ்வது வேறு. ஜனத்தொகைக் கணக்கில் பலவகை தெரியலாம். தெருவில் இறங்கிப் பார்த்தால் ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வொரு தெருவாக இருக்கலாம். இதே ஜில்லாவில், அன்னவாசல் ஒன்றியத்தைச் சேர்ந்த வேங்கைவயலில், 2022-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் நடந்ததை நாம் மறந்துவிட முடியாது. தாழ்த்தப்பட்ட வகுப்புக் குடும்பங்கள் குடிக்கும் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டிருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. குழந்தைகள் நோயுற்ற பிறகுதான் விஷயம் வெளிவந்தது. விசாரிக்கச் சென்ற கலெக்டர் அம்மையாரும் போலீஸ் சூப்பரிண்டெண்டு அம்மையாரும், பக்கத்தில் இறையூர் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை வழக்கம் இருப்பதையும், கோயிலுக்குள் அந்த மக்கள் அனுமதிக்கப்படாததையும் கண்டார்கள். அவர்களைத் தாங்களே கோயிலுக்குள் அழைத்துச் சென்றார்கள். தொட்டி வழக்கில் 2025-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் குற்றப் பத்திரிகை தாக்கலாயிற்று. அதைப் பற்றிய சர்ச்சை தனி. குற்றம் யாருடையது என்பது நியாயஸ்தலத்தின் காரியம். இரட்டைக் குவளைக்கோ எந்தத் தீர்ப்பும் வேண்டியதில்லை, கண்ணாலேயே கண்டாகிவிட்டது.

இதைச் சொல்வது ஜில்லாவைத் தூற்றுவதற்காக அல்ல. இம்மாதிரி வழக்கங்கள் தமிழ் நாட்டின் மற்ற ஜில்லாக்களிலும் உண்டு. குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓர் ஊருக்குள் நுழையும் தாய் தந்தையர் முதலில் பார்க்க வேண்டியது எதை என்று காட்டுவதற்காகவே சொல்கிறோம். தேநீர்க் கடையைப் பாருங்கள். எல்லாருக்கும் ஒரே குவளையா? பொதுக் குழாயைப் பாருங்கள். கோயில் வாசலைப் பாருங்கள். திருவிழாவில் வடம் பிடிப்பவர்கள் யார் என்று கேளுங்கள். பிறகு வாடகைக்கு வீடு கேட்டுப் பாருங்கள். "நீங்கள் என்ன ஆட்கள்?" என்பது வீட்டுக்காரரின் முதல் கேள்வியா, மூன்றாவது கேள்வியா, அல்லது கேட்கவே இல்லையா என்பதை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு சங்கடமான விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கேள்விக்குச் சௌகரியமான பதில் சொல்லக்கூடிய ஜாதியில் பிறந்தவர்களுக்கு ஊரிலுள்ள எல்லாத் தெருக்களும் நல்ல தெருக்களாகவே தோன்றும். அவர்கள், "எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை" என்று சொல்வதை ஊருக்கு நற்சாட்சிப் பத்திரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பட்டறையில் வேலை செய்யும் வடநாட்டு இளைஞனையும், காலனித் தெருவில் குடியிருக்கும் பள்ளிக்கூட உபாத்தியாயினியையும் விசாரித்தால்தான் ஊரின் உண்மையான குணம் தெரியும். தன் குழந்தைக்கு மட்டும் மரியாதை கிடைத்தால் போதும் என்று நினைக்கிறவர்களுக்கு எந்த ஊரும் போதும். எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே மரியாதை கிடைக்கும் ஊரில் வளர வேண்டும் என்று நினைக்கிறவர்களே தேடிப் பார்க்க வேண்டியவர்கள்.

பள்ளிக்கூடம்

கல்வி விஷயத்தில் இந்தச் சீமைக்குப் பெருமைப்பட உரிமை உண்டு. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டியார் மகாராஜா கல்லூரியில் சேர விரும்பியபோது, ஆண் பிள்ளைகள் படிக்கும் இடத்தில் ஒரு பெண்ணா என்று பெற்றோர்கள் சிலர் ஆட்சேபித்தார்கள். மன்னர் அனுமதி கொடுத்தார். 1912-ல் அந்தப் பெண் வைத்தியப் பட்டம் பெற்று வெளிவந்தார். பின்னர் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இந்த ஜில்லாவில் எழுத்தறிவைப் பரப்பியபோது, கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். கல் உடைக்கும் பெண்களும், வயலில் வேலை செய்யும் பெண்களும் சைக்கிளில் ஏறித் தாங்களாகவே சந்தைக்கும் வேலைக்கும் போனார்கள். பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் கஷ்டத்துக்கு இதைவிடச் சிறந்த பதிலை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இளந் தம்பதிகள் செய்யும் பொதுவான தவறு, பள்ளிக்கூடத்தின் கட்டடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவது. வர்ணம் பூசிய வாசலும் மஞ்சள் நிற வண்டிகளும் படிப்புச் சொல்லித் தருவதில்லை. மதியச் சாப்பாட்டு வேளையில் போய்ப் பாருங்கள். குழந்தைகள் யாரோடு யார் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்? தமிழ் தெரியாத வடநாட்டுக் குழந்தை ஒன்று வகுப்பில் இருந்தால் அதனிடம் ஆசிரியர் எப்படிப் பேசுகிறார்? இந்த இரண்டுக்கும் நல்ல பதில் கிடைக்கும் பள்ளிக்கூடம் சர்க்கார்ப் பள்ளிக்கூடமானாலும் சரி, தனியார் பள்ளிக்கூடமானாலும் சரி, உங்கள் குழந்தையும் அங்கே நன்றாயிருக்கும். தினம் 30 கிலோமீட்டர் பிரயாணம் செய்து திருச்சியில் படிக்க வைப்பதானால் ஊர் மாற்றுவதில் அர்த்தமே இல்லை. நான்கு வயதுக் குழந்தையைப் பிரயாண உத்தியோகஸ்தர் ஆக்க வேண்டாம்.

தண்ணீரும் வைத்தியமும்

புதுக்கோட்டை பாறை நிறைந்த பூமி. காவேரி வெகு தூரத்தில் இல்லை. ஆனால் இந்தப் பக்கம் அது பாய்வதில்லை. முன்னோர்கள் ஆயிரக்கணக்கில் கண்மாய்களையும் குளங்களையும் வெட்டி மழைத் தண்ணீரைத் தேக்கினார்கள். காவேரி – வைகை – குண்டாறு இணைப்புக் கால்வாய்க்கு 2021-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் இந்த ஜில்லாவில்தான் அஸ்திவாரக் கல் நாட்டினார்கள். கல் நாட்டியதற்குச் சந்தோஷப்படலாம். கால்வாய்த் தண்ணீரை எண்ணி இப்போதே மனை வாங்க வேண்டாம். வீடு பார்க்கப் போகிறவர்கள் கார்த்திகை மாதத்தில் ஒரு தடவையும், சித்திரை வெயிலில் ஒரு தடவையும் போக வேண்டும். முதல் தடவை தெருவில் தண்ணீர் தேங்குகிறதா என்று தெரியும். இரண்டாந் தடவை குழாயில் தண்ணீர் வருகிறதா என்று தெரியும். குழாய்த் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது என்பதை வீட்டுக்காரரிடம் கேட்பதைவிட, வாசலில் அடுக்கி வைத்திருக்கும் குடங்களை எண்ணிப் பார்ப்பது மேல்.

வைத்திய விஷயத்தில் முன்னைக்கு இப்போது நிலைமை எவ்வளவோ மேல். 2017-ல் புதுக்கோட்டையில் அரசாங்க மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. கீரனூர் இரு பெரிய பட்டணங்களுக்கும் நடுவில் இருப்பதால் எந்தப் பக்கமும் போகலாம். ஆனால் குழந்தைக்கு ஜுரம் வருவது பெரும்பாலும் நள்ளிரவில். அந்த வேளையில் நடந்து போகும் தூரத்தில் யார் இருக்கிறார், வாடகை வண்டிக்காரர் யார், மருந்துக் கடை எப்போது மூடுகிறது என்பவற்றைக் குடி போவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

மனை வாங்கும் ஆசை

வாடகைக்குப் போகிறவர்களை மாத்தூரிலும் கீரனூரிலும் கொடிகள் நட்ட மனைகள் கை காட்டி அழைக்கும். "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பார்கள். மனையில் போடுவதானால் இரண்டு தடவை அளக்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத மனைகளின் பத்திரப் பதிவை 2016-ல் சென்னை ஹைகோர்ட்டு தடை செய்த பிறகுதான், தாங்கள் வாங்கியது வீட்டு மனையல்ல, வயல் என்பது பல குடும்பங்களுக்குத் தெரியவந்தது. நகர் ஊரமைப்பு இலாகாவின் அங்கீகாரம், மூலப் பத்திரம், பட்டா, முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று ஆகிய நான்கையும் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். அந்த இடம் பழைய கண்மாயா, வரத்து வாய்க்காலா என்பதை ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். தண்ணீர் தன் பழைய வழியை மறப்பதில்லை.

நமது அபிப்பிராயம்

இவ்வளவும் சொன்ன பிறகு முடிவைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. திருவெறும்பூர், துவாக்குடி, விமான நிலையம் ஆகிய பக்கங்களில் வேலை பார்ப்பவர்கள் மாத்தூருக்குத் தாராளமாகப் போகலாம். பட்டறைச் சத்தத்தையும் லாரிகளையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். தம்பதிகளில் ஒருவருக்குத் திருச்சியிலும் மற்றவருக்குப் புதுக்கோட்டையிலும் வேலையானால் கீரனூரைவிடச் சிறந்த ஊர் கிடைக்காது. இருவருக்கும் திருச்சியின் வடக்குப் பகுதியிலேயே வேலையானால், வாடகை அதிகமானாலும் திருச்சியிலேயே சின்ன வீடாகப் பார்த்துக்கொள்வது குழந்தைக்கு நல்லது. வருஷத்தில் ஐம்பது நாளைக் கொடுத்துக் கொல்லைப்புறம் வாங்குவது லாபமல்ல.

எந்த ஊருக்குப் போனாலும் முதல் வருஷம் வாடகைக்கே இருங்கள். அந்த ஒரு வருஷத்தில் தெருவிலுள்ள வீடுகளில், உங்கள் ஜாதியல்லாத, உங்கள் மதமல்லாத எத்தனை வீடுகளுக்குள் உங்கள் குழந்தை சகஜமாக ஓடிப் போய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறது என்று பாருங்கள். அந்த வீட்டுக் குழந்தைகளும் உங்கள் சமையலறை வரை வருகிறார்களா என்றும் பாருங்கள். முதலாவது ஊரைப் பொறுத்தது. இரண்டாவது உங்களைப் பொறுத்தது. இரண்டும் நடந்தால் அடுத்த வருஷம் தைரியமாக மனை வாங்குங்கள். முதலாவது மட்டும் நடந்து இரண்டாவது நடக்கவில்லையென்றால், குறை ஊரில் இல்லை என்று தெரிந்துகொண்டு, முதல் வேலையாகச் சமையலறைக் கதவைத் திறந்து வையுங்கள்.